மோட்டெட்: சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய பாட்டு

பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பாடகர் குழு லத்தீனில் பாடுகிறது. முதலில் ஓர் ஆண்குரல் மட்டும். அது இரண்டு சொல் தாண்டுவதற்குள் இன்னொரு குரல் அதே மெட்டை எடுத்துக்கொள்கிறது. பிறகு மூன்றாவது, நான்காவது. அரை நிமிடத்தில் நான்கு குரலும் நான்கு வேறு அசைகளில் நிற்கின்றன. முதல்முறை கேட்பவருக்கு இது அழகான இரைச்சல், அவ்வளவுதான். பல்லவி திரும்ப வரும் என்று காத்திருந்தால் வராது. சரணம் இருக்கிறதா என்று தேடினால் அதுவும் இல்லை.

இந்த வகைப் பாட்டுக்கு மோட்டெட் என்று பெயர். ஒரு சமய உரையை, பெரும்பாலும் லத்தீன் உரையை, பல குரல்களுக்காக அமைத்த, தனித்து நிற்கும் ஒரு பாட்டு என்று சொன்னால் முக்கால்வாசி சரி. பொதுவாக மூன்று முதல் ஏழு நிமிடம் வரை நீளும். எண்ணூறு வருடமாக எழுதப்பட்டு வருவதால் ஒரே இலக்கணத்துக்குள் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. ஆனால் கேட்பதற்கு ஒரு பிடி உண்டு. அது பெயரிலேயே இருக்கிறது. பிரெஞ்சில் 'மோ' என்றால் சொல். மோட்டெட் என்றால் சிறு சொல். மெட்டைத் தேடாமல் சொல்லைத் தேடினால் பாட்டின் கட்டுமானம் தானாகத் தெரியும்.

பாரிசில் ஒட்டிய சொல்

பெயர் ஏன் சொல்லிலிருந்து வந்தது என்பதற்குப் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயம் வரை போக வேண்டும். அந்தக் கட்டடத்தின் வேலை 1163 வாக்கில் தொடங்கியது. அங்கே பாடியவர்கள் பழைய கிரகோரிய ஒற்றைமெட்டுப் பாட்டின் மேல் இன்னொரு குரலை அடுக்கினார்கள். இந்த அடுக்கல் முறைக்கு ஆர்கனும் என்று பெயர். லெயோனின், பெரோத்தின் என்ற இரண்டு பெயர்கள் இதோடு சேர்ந்து நமக்கு வந்திருக்கின்றன. பழைய மெட்டைப் பாடுபவர் ஒரு சுரத்தை நீண்ட நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார். 'தெனேரே' என்றால் லத்தீனில் பிடித்திருத்தல். டெனர் என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது. இன்றைக்கு டெனர் என்றால் உயர்ந்த ஆண்குரல். அன்றைக்கு அது பாட்டின் அஸ்திவாரம்.

பழைய மெட்டில் ஓர் அசைக்கே பத்து, இருபது சுரம் வரும் இடங்கள் உண்டு. அங்கே டெனரையும் இழுத்துப் பாடினால் பாட்டு விடியவிடிய முடியாது. அதனால் அந்த இடங்களில் டெனரும் தாளக்கட்டோடு நடக்கும். இப்படிப்பட்ட துண்டு க்ளாசுலா. அதில் மேல்குரலுக்குச் சொல் கிடையாது, வெறும் உயிரெழுத்துதான். 1200க்குப் பிறகு யாரோ அந்த மேல்குரலின் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அசை வைத்துப் புதிய லத்தீன் கவிதை எழுதினார்கள். சொல் ஒட்டிய அந்தக் குரல் மோட்டெட்டுஸ் ஆயிற்று, முழுப் பாட்டும் மோட்டெட் ஆயிற்று. எல்லாப் பாட்டும் இந்த வரிசையில்தான் பிறந்தது என்று சொல்ல முடியாது, சிலவற்றில் சொல்லோடு கூடிய வடிவமே முந்தியதாக இருக்கலாம். பெயருக்கான காரணம் மட்டும் இதுதான்.

அடுத்து நடந்தது இன்றைக்கும் விசித்திரமாகத் தோன்றும். மூன்றாவது குரலாகத் திரிப்லும் சேர்ந்தது. அதற்கும் ஒரு தனிக் கவிதை. மேல்குரல் ஒரு கவிதை, நடுக்குரல் வேறொரு கவிதை, கீழே டெனர் பழைய பாட்டின் ஓரிரு சொல், மூன்றும் ஒரே நேரத்தில்! லத்தீனோடு பிரெஞ்சும் கலந்தது. கீழே உயிர்ப்பு ஞாயிறு பாட்டின் 'இன் சேகுலும்' என்ற துண்டு நடந்துகொண்டிருக்க, மேலே ஒருவர் பிரெஞ்சில் காதலியை நினைத்து ஏங்குவார். அந்த ஒரு துண்டின் மேலேயே ஏராளமான மோட்டெட்டுகள் எழுதப்பட்டன. ஆகவே மோட்டெட் என்றாலே பக்திப்பாட்டு என்ற எண்ணம் பதிமூன்றாம் நூற்றாண்டுக்குப் பொருந்தாது. 1300 வாக்கில் பாரிசில் எழுதிய யோஹான்னஸ் தெ க்ரோக்கெயோ, இது பாமரருக்கான பாட்டல்ல, நுட்பம் தேடும் படித்தவர்களுக்கானது என்று வெளிப்படையாகவே சொல்கிறார். போப் இருபத்திரண்டாம் யோவான் 1324–25இல் வெளியிட்ட ஆணையில், மேல்குரல்களில் நாட்டுமொழிப் பாட்டைத் திணிக்கிறார்கள் என்பதும் ஒரு குற்றச்சாட்டு.

இந்தக் காலத்து இசைத்தட்டிலோ நிகழ்ச்சி நிரலிலோ ஒரு பாட்டின் தலைப்பில் சாய்கோடு போட்டு மூன்று பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். மூன்று குரல்களும் தொடங்கும் சொற்கள்தான் அவை, மேலிருந்து கீழாக. முந்நூறுக்கும் மேற்பட்ட மோட்டெட்டுகள் கொண்ட கையெழுத்துச் சுவடி ஒன்று பிரான்சின் மொந்பெலியே நகரில், மருத்துவப் புலத்தின் நூலகத்தில் இருக்கிறது. அதில் திரிப்லும் இடப்பக்கப் பத்தியிலும் மோட்டெட்டுஸ் வலப்பக்கப் பத்தியிலும் எழுதப்பட்டு, டெனர் மட்டும் அடியில் ஒற்றை வரியாக ஓடும். அதற்குச் சொல் குறைவு என்பதால் அவ்வளவு இடம் போதும்.

கணக்கு வாத்தியார்களின் காலம்

பதினான்காம் நூற்றாண்டில் டெனரின் சுரமும் தாளமும் தனித்தனியாகப் பிரிந்தன. சுர வரிசைக்குக் கோலோர் என்று பெயர், தாள அமைப்புக்குத் தாலேயா. ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். கோலோரில் 9 சுரம், தாலேயாவில் 6 கால அளவு. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் ஆறாவது சுரத்தில் தாளம் முடிந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும், சுர வரிசையோ ஏழாவதுக்குப் போகும். 18ஆவது சுரத்தில்தான் இரண்டும் சேர்ந்து முடியும். அதாவது மூன்று தாலேயா, இரண்டு கோலோர். ஒரே மெட்டு இரண்டாம் சுற்றில் வேறு தாளத்தில் வருவதால் காதுக்குப் பிடிபடாது. கோர்வை எண்ணிப் பழகியவர்களுக்கு இந்த விளையாட்டின் ருசி சட்டென்று புரியும். பிலிப் தெ வித்ரியும், 23 மோட்டெட் எழுதிய கியோம் தெ மஷோவும் இதில் கைதேர்ந்தவர்கள். இந்த முறையை இன்று ஐசோரிதம் என்கிறார்கள். அந்தச் சொல் 1904இல் ஒரு ஜெர்மானிய ஆய்வாளர் உண்டாக்கியது, மஷோவுக்கு அது தெரியாது.

இந்த வழியின் உச்சம் கியோம் துஃபாயின் 'நூபெர் ரோசாரும் ஃப்ளோரெஸ்'. 1436 மார்ச் 25 அன்று புளோரன்ஸ் பேராலயத்தைப் போப் நான்காம் யூஜீன் அர்ச்சித்தபோது பாடுவதற்காக எழுதப்பட்டது. கீழே ஒன்றல்ல, இரண்டு டெனர். இரண்டும் ஆலய அர்ச்சிப்புக்கு உரிய பழைய பாட்டான 'தெர்ரிபிலிஸ் எஸ்த் லோகுஸ் இஸ்தே'யின் மெட்டைத்தான் பாடுகின்றன. 'இந்த இடம் அச்சத்துக்குரியது' என்று பொருள். அந்த மெட்டு நான்கு முறை வருகிறது, நான்கு வேறு வேகத்தில். நீளங்களின் விகிதம் 6:4:2:3. புருனலெஸ்கியின் குவிமாடம் உள்ள அந்தக் கட்டடத்தின் அளவுகள்தான் இவை என்று 1973இல் சார்லஸ் வாரன் வாதிட்டார். இல்லை, விவிலியம் சொல்லும் சாலமோன் ஆலயத்தின் அளவுகள் என்று 1994இல் கிரெய்க் ரைட் மறுத்தார். அந்த ஆலயத்தின் நீளம் 60 முழம், அதில் உள்ளறையான மகா பரிசுத்த இடம் போக உள்ள பெருங்கூடம் 40, அகலம் 20, உயரம் 30. எண்கள் அப்படியே பொருந்துவதால் இரண்டாவது வாதம்தான் வலுவாகத் தோன்றுகிறது.

சொல் மேலே வந்தது

துஃபாய்க்கு அடுத்த இரண்டு தலைமுறைக்குள் எல்லாம் தலைகீழானது. டெனர் அஸ்திவாரம் என்ற நிலை போய், நான்கு குரலும் சமம் ஆயின. எல்லாருக்கும் ஒரே உரை. அந்த உரையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு மெட்டு கொடுத்து, அதை ஒரு குரல் தொடங்க மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்வது என்பது வழக்கமானது. இன்றைக்கு நாம் மோட்டெட் என்றதும் நினைப்பது இந்த வடிவத்தைத்தான்.

இதைக் கற்க ஜோஸ்கன் தெப்ரேயின் 'ஆவே மரியா... விர்கோ செரேனா'வை விடச் சிறந்த பாடப்புத்தகம் கிடையாது. வெனிசில் பெத்ரூச்சி 1502இல் அச்சிட்ட மோட்டெட் தொகுப்பில் முதல் பாட்டு இதுதான். 'ஆவே மரியா' என்று மிக உயர்ந்த குரலான சொப்ரானோ தொடங்குகிறது. பிறகு ஆல்ட்டோ, டெனர், மிகத் தாழ்ந்த குரலான பேஸ் என்று படிக்கட்டில் இறங்குவதுபோல அதே மெட்டு வருகிறது. 'கிராத்சியா பிளேனா'வுக்கு வேறு மெட்டு, அதுவும் அதே வரிசையில் இறங்குகிறது. 'தோமினுஸ் தேகும்' என்பதற்கு இன்னொன்று. இத்தனைக்கும் நான்கு குரலும் ஒரே நேரத்தில் ஒலிப்பதை நாம் இன்னும் கேட்டிருக்க மாட்டோம். 'விர்கோ செரேனா' என்ற இடத்தில்தான் நால்வரும் சேர்கிறார்கள். அதற்குப் பிறகு 'ஆவே' என்று தொடங்கும் ஐந்து செய்யுள்கள். ஒவ்வொன்றுக்கும் ஜோஸ்கன் குரல்களை வேறுவிதமாகச் சேர்க்கிறார். இரண்டு இரண்டாகப் பேசிக்கொள்ள வைக்கிறார், நால்வரையும் ஒருசேர உச்சரிக்க வைக்கிறார். 'ஆவே வேரா விர்ஜினிதாஸ்' என்ற இடத்தில் நடை மூன்று எண்ணிக்கைக்கு மாறுகிறது. கேட்டால் நால்வரும் ஒன்றாகப் பாடுவதுபோல இருக்கும், ஆனால் டெனர் சொப்ரானோவையே ஓர் எண்ணிக்கை தள்ளி நிழல்போலத் தொடர்ந்துகொண்டிருக்கும். கடைசியில் ஒரு சின்ன இடைவெளி. பிறகு 'இறைவனின் தாயே, என்னை நினைவில் கொள்ளும்' என்ற வரியை நால்வரும் ஒன்றாக, நீண்ட சுரங்களில், எந்த அலங்காரமும் இல்லாமல் பாடுகிறார்கள். அத்தனை வித்தையும் காட்டியவர் சொந்த வேண்டுதலுக்கு வந்ததும் வித்தையை இறக்கி வைத்துவிடுகிறார்.

முன்னால் சொன்ன கேட்கும் முறை இப்போது எளிது. உரையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், வரிக்கு ஒரு துண்டாக. பாட்டு ஓடும்போது ஒவ்வொரு துண்டின் முதல் சொல்லுக்காக மட்டும் காத்திருங்கள். புதிய சொல் வந்தால் புதிய மெட்டு வந்துவிட்டது என்று அர்த்தம். எந்தக் குரல் அதைக் கொண்டுவருகிறது என்று மட்டும் குறித்தால் போதும். இரண்டாம் முறை கேட்கும்போது இரைச்சல் போய்விடும்.

அடுத்த பாடம் பாலஸ்த்ரீனாவின் 'சீகுத் செர்வுஸ்'. உரை நமக்குத் தெரிந்ததுதான், தமிழ் வேதாகமத்தில் 'மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல' என்று தொடங்கும் 42ஆம் சங்கீதம். லத்தீன் விவிலியத்தின் எண் வரிசையில் அது 41. உயிர்ப்புக்கு முந்தைய இரவில் திருமுழுக்குத் தண்ணீரை மந்திரிக்கும் சடங்கோடு சேர்ந்த வசனம் இது. இங்கே டெனர் தொடங்குகிறது, பிறகு ஆல்ட்டோ, சொப்ரானோ, கடைசியில் பேஸ். ஜோஸ்கனிடம் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் தையல் பல இடங்களில் கண்ணுக்குத் தெரியும். பாலஸ்த்ரீனாவிடம் அது தெரியாது. ஒரு குரல் பழைய துண்டை முடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று புதியதைத் தொடங்கிவிடும். தண்ணீர் ஓடுவதுபோல இருக்கிறது என்று எல்லாரும் சொல்வதற்குக் காரணம் உரையில் உள்ள நீரோடை மட்டுமல்ல.

உரசலும் தீர்வும்

இவ்வளவு மென்மையாக ஒலிக்கும் இசையில் உரசலே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. உரசல் உண்டு, ஆனால் விதிப்படி. இரண்டு குரல் இசைவாக நிற்கின்றன. வலுவான எண்ணிக்கை வரும்போது ஒன்று நகர்கிறது. மற்றது நகராமல் தன் சுரத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கணத்தில் இரண்டும் உரசும். பிறகு பிடித்திருந்தவர் ஒரு படி கீழே இறங்குவார், உரசல் தீரும். ஆயத்தம், உரசல், தீர்வு என்ற மூன்று கட்டம். ஆயத்தம் இல்லாமல் வலுவான எண்ணிக்கையில் நேரடியாக உரசுவதோ, தீர்வுக்கு மேலே ஏறுவதோ இந்தப் பாணியில் கிடையாது. யோஹான் யோசெஃப் ஃபுக்ஸ் 1725இல் இதைப் பாடத்திட்டமாகவே எழுதி வைத்தார். இசைக்கல்லூரிகளில் எதிர்முனை இசை, அதாவது பல மெட்டுகளை ஒன்றோடொன்று இசைய வைக்கும் கலை, படிப்பவர்கள் அதன் வழிவந்த பயிற்சிகளைத்தான் இன்றும் போடுகிறார்கள்.

விதியை மீறும் உரசல் வேண்டுமானால் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். புராட்டஸ்டண்ட் நாட்டில் கத்தோலிக்கராக வாழ்ந்த வில்லியம் பர்ட், 1605இல் வெளியிட்ட தொகுப்பில் 'ஆவே வேரும் கோர்புஸ்' என்ற நான்கு குரல் மோட்டெட்டைச் சேர்த்தார். 'மெய்யான உடலே வாழ்க' என்று பொருள். 'வேரும்', அதாவது மெய்யான, என்ற சொல் வரும் இடத்தில் சொப்ரானோ எஃப் ஷார்ப்பில் (எஃப் என்ற சுரத்துக்கு அரைச் சுரம் மேலே) இருந்துவிட்டு நகர, பேஸ் உடனே ஷார்ப் இல்லாத எஃப்புக்கு வருகிறது. முதல்முறை கேட்பவர் யாரோ தப்பாகப் பாடிவிட்டார்கள் என்றே நினைப்பார். நற்கருணையில் இருப்பது மெய்யான உடலா இல்லையா என்பதுதான் அன்றைய சண்டையே. அந்தச் சொல்லில் காது திடுக்கிட வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் வியப்பில்லை.

எது மோட்டெட், எது இல்லை

திருப்பலியில் தினமும் மாறாத உரைகள் ஐந்து: கீரியே, உன்னதங்களிலே, விசுவாச அறிக்கை, தூயவர், உலகின் பாவங்களைப் போக்கும் செம்மறி. இந்த ஐந்தையும் சேர்த்து இசையமைத்தால் அது மாஸ். மோட்டெட்டின் உரை நாளுக்கும் விழாவுக்கும் ஏற்ப மாறுவது. காணிக்கை நேரத்திலோ நற்கருணை வாங்கும்போதோ ஊர்வலத்திலோ பாடுவார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் யோஹான்னஸ் திங்க்தோரிஸ் இசைச்சொல் அகராதி ஒன்று தொகுத்தார். அதில் மாஸைப் பெரும்பாட்டு என்றும், மோட்டெட்டை நடுத்தரப் பாட்டு என்றும், காதல் பாட்டைச் சிறுபாட்டு என்றும் அளவு வைத்தே பிரித்தார். இன்றுவரை இதைவிட நல்ல வரையறையைக் காணோம். இதே நுட்பத்தில் இத்தாலிய மொழியில் காதலைப் பாடினால் மாட்ரிகல். ஆங்கிலத் திருச்சபையில் ஆங்கில உரைக்கு அமைத்தால் ஆந்தெம். தனிப்பாடகர், கருவிக்குழு, தனித்தனிப் பகுதிகள் என்று விரிந்தால் காண்டாட்டா.

எல்லை எப்போதும் கறாராக இராது. பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில் லுல்லியும் தெலலாந்தும் எழுதிய 'பெரிய மோட்டெட்' கருவிக்குழுவோடு கூடிய அரசவை ஆடம்பரம். மொசார்ட் 1773இல் மிலானில் எழுதிய 'எக்சுல்தாத்தே யூபிலாத்தே'வில் பாடுபவர் ஒரே ஒருவர், அதற்கும் மோட்டெட் என்றுதான் பெயர். மறுபக்கம் தாமஸ் டாலிஸின் 'ஸ்பெம் இன் ஆலியும்' 40 குரலுக்கு. குழுவுக்கு ஐந்து குரலாக எட்டுக் குழுக்கள், 40 பேருக்கும் வேறு வேறு வரி. சுமார் பத்து நிமிடம். ஒரே குரலில் தொடங்கி, குழு குழுவாக அலை நகர்ந்து, பிறகு நாற்பதும் ஒன்றாக எழும். இதை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டாலும் பாதிதான் கிடைக்கும். குழுக்கள் கேட்பவரைச் சுற்றி நிற்க வேண்டும்.

ஜெர்மனியில் லூத்தரின் சபை மோட்டெட்டைக் கைவிடவில்லை, மொழியை மாற்றிக்கொண்டது. ஷ்யூட்ஸ் 1648இல் 29 ஜெர்மன் மோட்டெட்டுகளை வெளியிட்டார். பாக் எழுதியவற்றில், அவருடைய படைப்புப் பட்டியலில் 225 முதல் 230 வரை எண்ணிட்ட ஆறு புகழ்பெற்றவை. அவற்றில் 'யேசு மைனே ஃப்ராய்டே' 11 பகுதி கொண்டது. ஒற்றைப்படைப் பகுதிகளில் சபையாருக்குத் தெரிந்த ஞானப்பாட்டின் ஆறு செய்யுள், இரட்டைப்படைப் பகுதிகளில் ரோமர் நிருபம் 8ஆம் அதிகாரத்தின் வசனங்கள். முதலும் கடைசியும் ஒரே இசை, நட்டநடுவில் ஆறாவதாக ஒரு ஃபியூக், அதாவது குரல்கள் ஒரே மெட்டால் ஒன்றையொன்று துரத்தும் அமைப்பு. கத்தோலிக்கர் பக்கம் 1903இல் போப் பத்தாம் பயஸ் பாலஸ்த்ரீனா பாணியைத் திருவழிபாட்டுக்கு முன்மாதிரியாகச் சொன்ன பிறகு பழைய மோட்டெட்டுகள் பாடகர் மேடைக்குப் பெருமளவில் திரும்பின. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'மாண்புயர் இவ்வருட்சாதனத்தை' என்று பாடுவதன் லத்தீன் மூலமான 'தாந்தும் எர்கோ'வை ப்ருக்னர் ஒருவரே பலமுறை மோட்டெட்டாக அமைத்திருக்கிறார்.

பாட உட்காரும்போது

சிறிய குழு ஒன்று 'சீகுத் செர்வுஸ்' பாட நினைத்தால் குரலுக்கு மூன்று நான்கு பேராகப் பன்னிரண்டு முதல் பதினாறு பேர் தாராளம். நோட்டு வாங்கக் காசு வேண்டாம், கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி இணையதளத்தில் பல பதிப்புகள் இலவசமாக இருக்கின்றன. ஒன்றுக்கு இரண்டு பதிப்பை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது, தன்னார்வலர்கள் தட்டச்சிட்டவை என்பதால் அங்கங்கே பிழை இருக்கும். சுரத்தின் தலைக்கு மேல் சிறிதாக ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றுவது), ஃப்ளாட் (அரைச் சுரம் இறக்குவது) போட்டிருந்தால் அது மூலத்தில் இல்லாதது. அன்றைய பாடகர்கள் எழுதாமலே போட்டுக்கொண்ட மாற்றத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்துக் கொடுத்தது.

முதலில் சொல்லை மட்டும், தாளத்தோடு, பேச்சுக் குரலில் வாசியுங்கள். அழுத்தம் விழும் அசைகள்: 'சீ'குத் 'செர்'வுஸ் தெ'ஸி'தெராத், ஆத் 'ஃபோன்'தெஸ் ஆ'க்வா'ரும். இது ஏன் முக்கியம் என்றால், பாலஸ்த்ரீனா காலத்துப் பாடகர் கையில் இருந்தது அவருடைய குரல் மட்டும் எழுதிய தனிப்புத்தகம். அதில் செங்குத்துக் கோடுகள் கிடையாது. இன்றைய பதிப்பில் வசதிக்காகக் கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு அடுத்த சுரத்தை எல்லாரும் அழுத்தினால் நான்கு குரலும் ஒரே இடத்தில் இடிக்கும், ஓட்டம் போய் அணிவகுப்பு ஆகிவிடும். அழுத்தம் சொல்லிலிருந்து வர வேண்டும். அப்போது ஒவ்வொரு குரலின் அழுத்தமும் வேறு வேறு நேரத்தில் விழும், அலை தானாக உண்டாகும்.

உச்சரிப்பில் தமிழ்ப் பாடகர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. இத்தாலிய முறை லத்தீனின் ஐந்து உயிர்கள் கிட்டத்தட்ட நம் ஆ, எ, இ, ஒ, உ. 't' என்ற எழுத்து நம் த்த போலப் பல்லைத் தொடுவது. ஆங்கிலப் பழக்கத்தில் ட என்று சொல்லாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு பொறி மட்டும் இருக்கிறது. 'ita' என்பதை 'இத' என்று எழுதிக்கொண்டால் நாக்கு அதை மென்மையாக்கிவிடும். 'ஈத்தா' என்று எழுதிக்கொள்ளுங்கள். எ, இ முன் வரும் 'c' ச்ச என்று ஒலிக்கும், அதனால்தான் செர்வுஸ்.

அடுத்தது, தொடக்க மெட்டை நான்கு குரல்காரரும் சேர்ந்து கற்பது. எப்படியும் எல்லாருக்கும் அதே மெட்டுதான் வரப்போகிறது. ஒரே மாதிரி மூச்சும் ஒரே மாதிரி அழுத்தமும் இருந்தால்தான் இரண்டாவது குரல் வரும்போது இது அதுதான் என்று கேட்பவருக்கு உறைக்கும். பிறகு டெனர்–ஆல்ட்டோ, சொப்ரானோ–பேஸ் என்று இரண்டிரண்டாகப் பாடிப் பார்த்துவிட்டு நால்வரும் சேரலாம். ஒரே நாளில் நாலையும் கூட்டி ஆரம்பத்திலிருந்து முட்டிமோதுவதுதான் பல குழுக்களில் நடக்கும் தவறு. அப்படி முட்டிமோதிப் பழகினால் ஒவ்வொருவரும் தன் வரியை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, அடுத்தவரைக் கேட்காமலே பாடுவார்கள்.

வேகத்துக்குப் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. அமைதியாக மூச்சு விடும் மனிதனின் நாடித்துடிப்பே அடிப்படைச் சுரத்தின் அளவு என்று 1496இல் காஃபூரியோ எழுதினார். நிமிடத்துக்கு அறுபது முதல் எழுபது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அச்சிட்ட பதிப்பில் சுர அளவுகளைப் பாதியாக்கியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள். இதைப் பார்க்காமல் இழுத்துப் பாடினால் மூச்சு போதாது, சுருதியும் விழும்.

சுருதி விழுவது பெரிய தலைவலி. ஹார்மோனியமோ ஆர்கனோ இல்லாமல் மூன்று நிமிடம் பாடி முடித்துவிட்டுச் சரிபார்த்தால் அரைச் சுரம் கீழே இறங்கியிருக்கும். சோர்வும் இறங்கும் வரிகளைப் பெரிதாக எடுத்து வைப்பதும் ஏறும் வரிகளைக் குறைத்து வைப்பதும் முதல் காரணங்கள். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை கீழே போகும். இரண்டாவது காரணம் நுட்பமானது. பியானோவின் மேஜர் தேர்ட், அதாவது சட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் வரை உள்ள இடைவெளி, 400 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). காதுக்கு முழுமையாக இசையும் அளவு 386. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தர சட்ஜத்தில் தானாக எழும் அந்தர காந்தாரம் அதுதான். கீபோர்டை வைத்து வரி கற்றவர்கள் அந்தச் சுரத்தைக் கொஞ்சம் உயர்த்தியே பிடிப்பார்கள், மற்றவர்கள் அதோடு இசைய முடியாமல் தள்ளாடுவார்கள். இன்னொரு பக்கம், எல்லா இணைவையும் சுத்தமாகவே பாடிக்கொண்டு போனாலும் சில தொடர்களில் சுற்றுக்குச் சுமார் 22 சென்ட் கீழே கொண்டுபோய் விட்டுவிடும். இதற்கு முழு மருந்து இல்லை. ஒத்திகையில் பத்துப் பத்து அளவுக்கு (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் இருப்பது ஓர் அளவு) ஒருமுறை நிறுத்திச் சரிபார்த்து, எந்த இடத்தில் விழுகிறது என்று கண்டுபிடித்துப் பென்சிலில் மேல்நோக்கி ஓர் அம்பு போட்டு வைப்பதுதான் வழி.

மூச்சையும் பென்சிலில் குறிக்க வேண்டும். சொற்றொடர் முடியும் இடத்தில் குரல் முழுவதும் மூச்சு எடுக்கலாம். ஓர் அசை நீளமாக ஓடும் இடத்தில் அதே குரல்காரர்கள் ஆளுக்கொரு இடத்தில் எடுத்து, சத்தமில்லாமல் திரும்பச் சேர வேண்டும். உரசல் சுரத்தைப் பிடித்திருப்பவர் அதற்கு முன்னால் மூச்சு விட்டுவிட்டால் ஆயத்தமே உடைந்துபோகும். பலர் உரசல் வந்ததும் தாங்கள்தான் தப்பு என்று பயந்து குரலைக் குறைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்த இடத்தில் சற்றுச் சாய்ந்து நின்று, தீர்வில்தான் தணிய வேண்டும். பொதுவாகவே, மெட்டு தன் குரலில் இருக்கும்போது முன்னால் வந்து, அது அடுத்தவரிடம் போனதும் பின்வாங்கினால் போதும். நால்வரும் எப்போதும் முழுக் குரலில் பாடினால் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்றே தெரியாது.

ஆல்ட்டோ பகுதி பெண்களுக்கு மிகவும் தாழ்வாக இருக்கிறது என்ற புகார் கட்டாயம் வரும். நியாயமான புகார்தான். அது முதலில் உயர்ந்த ஆண்குரலுக்காக எழுதப்பட்டது. இரண்டு டெனர்களை அங்கே நகர்த்தலாம், அல்லது முழுப் பாட்டையும் ஒரு சுரம் உயர்த்தலாம். அந்தக் காலத்தில் எழுதிய சுருதி கல்லில் வெட்டியதல்ல, குழுவுக்குத் தக்கபடி ஏற்றி இறக்கிப் பாடியிருக்கிறார்கள்.

பாலஸ்த்ரீனா உடனே வேண்டாம் என்று தோன்றினால் தொடங்க இரண்டு சிறு பாட்டுகள் உண்டு. மொசார்ட் 1791 ஜூனில், சாவதற்கு ஆறு மாதம் முன்பு எழுதிய 'ஆவே வேரும் கோர்புஸ்' 46 அளவு மட்டுமே. தந்திக் கருவிகளும் ஆர்கனும் துணைக்கு உண்டு. குரலை அடக்கிப் பாடு என்ற ஒரே ஒரு குறிப்பைத் தொடக்கத்தில் போட்டுவிட்டு அவர் விட்டுவிட்டார். மற்றது ப்ருக்னர் 1869இல் லின்ஸ் நகரின் புதிய பேராலயத்துச் சிற்றாலய அர்ச்சிப்புக்காக எழுதிய 'லோகுஸ் இஸ்தே', 48 அளவு. துஃபாயின் டெனரில் இருந்த அதே 'இந்த இடம்', அதே அர்ச்சிப்பு வழிபாட்டிலிருந்து எடுத்த உரை, நடுவில் நானூற்று முப்பது வருடம். தொடக்கம் எளிது, நால்வரும் ஒன்றாக நடப்பார்கள். 'இர்ரெப்ரெஹென்சிபிலிஸ்' என்ற நாக்குச் சுளுக்கும் சொல் வரும் நடுப்பகுதியில் பேஸ் ஓய்ந்துவிடும், மற்ற மூவரும் அரைச் சுரம் அரைச் சுரமாக நகர்வார்கள். தாங்க ஆள் இல்லாத அந்த இடத்தில்தான் சுருதி விழும், அதனால் ஒத்திகையின் பெரும்பங்கை அங்கே செலவிடுங்கள். கடைசி 'ஆ தேஓ'வுக்கு முன்னால் ஐந்து எண்ணிக்கைக்கு எல்லாக் குரலும் மௌனம். பெரிய கோயிலில் எதிரொலி அடங்குவதற்கு அவர் விட்ட நேரம் அது. சிறிய அறையில் அந்த ஐந்து மிக நீளமாகத் தோன்றும். நடத்துபவர் கையை இறக்காமல் எண்ண வேண்டும், பாடுபவர்களும் மனதுக்குள் எண்ண வேண்டும். நாலில் ஒருவர் நுழைந்துவிட்டால் அதை மறைக்க வழியே இல்லை.